பார்க்காமல் வந்தவள்

தங்கை குந்திக்கொண்டிருந்த கோலம்தான் முதலில் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில், டோக்கன் எண்கள் சிவப்பாக மினுங்கும் உயரமான எந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் முக்கால் உடம்பை நுழைத்துக்கொண்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் வீட்டுப் பரணை அடுத்தவர் ஒட்டடை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பவரைப் போல அவர் முகத்தில் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் எரிச்சலும் இருந்தன.

பெரியவள் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

ஒதுங்கின பிறகுதான், நான் எதற்கு ஒளிகிறேன் என்ற கேள்வி வந்தது. தலைவலிக்கு மருந்து வாங்க வந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் தங்கையிடம் பொய் சொல்லி அவள் ஒருநாளும் ஜெயித்ததில்லை. எந்தத் தலைவலி, எத்தனை நாளாக, எந்த டாக்டர் என்று ஒவ்வொரு நூலாக இழுப்பாள். கடைசியில் துணியே கையோடு வந்துவிடும்.

வீட்டில் தங்கைக்குப் பெயரே 'குடைச்சல்'. அப்பா வைத்தது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே சுவர்க் கடிகாரத்தைக் குடைந்தாள், போன பிறகு ரேடியோவைக் குடைந்தாள். குடைந்ததைத் திரும்ப ஓடவும் வைத்துவிடுவாள் என்பதால் அடி மட்டும் விழாமல் தப்பித்தாள். இப்போது அதையே தொழிலாக்கிக்கொண்டாள். வங்கிகளும் ஆபீஸ்களும் அவளைக் கூப்பிட்டு, எங்கள் கம்ப்யூட்டருக்குள் உன்னால் நுழைய முடியுமா, பார் என்று கேட்கும். நுழைந்து காட்டுவாள். எந்த வழியாக நுழைந்தேன், அதை எப்படி அடைப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவாள். எந்த இடம் என்று மட்டும் வீட்டில் மூச்சு விட மாட்டாள். பெரியவளின் கணவர் இதை ஊருக்கு விளக்குகிற அழகே தனி. "நிஜத் திருடன் வர்றதுக்கு முன்னாடி, வீட்டுக்காரனே காபி குடுத்துக் கூப்பிட்டு வச்சுக்கற திருடிங்க எங்க கொழுந்தியா!"

அந்தத் திருடி இப்போது டோக்கன் எந்திரத்துக்குப் பின்னால் இருந்தாள். பெரியவளின் எண் எந்திரத்தில் வந்து மினுங்கியது. டாக்டர் அறைக்குப் போக வேண்டுமென்றால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"நாப்பத்தி ஒண்ணு! நாப்பத்தி ஒண்ணு யாரு? டோக்கனை வாங்கி வச்சுக்கிட்டுத் தூங்கப் போயிட்டாங்களா?" என்று நர்ஸ் கத்தினாள். கூடமே திரும்பிப் பார்த்தது. நாற்பத்தி ஒன்று தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு நின்றது.

நல்லவேளையாகத் தங்கை எழுந்தாள். முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, கூட இருந்தவரிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். இருவரும் கம்ப்யூட்டர் பிரிவு என்று பலகை தொங்கிய பக்கமாக நடந்து மறைந்தார்கள். பெரியவள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடினாள்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, தண்ணீர் குடிக்கச் சொல்லி, அப்புறம்தான் பேச்சை எடுத்தார். மார்பில் இருந்த கட்டியிலிருந்து போன வாரம் எடுத்த சதையின் முடிவு வந்துவிட்டது. என்ன முடிவு என்று அவர் சொல்வதற்கு முன்பே பெரியவள் படித்துவிட்டாள். டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடியில் கம்ப்யூட்டர் திரை இடம் வலமாக மாறித் தெரிந்தது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்குத் திரும்பின எழுத்தும் எழுத்துதான். கண்ணில் பட்ட எழுத்தைப் படிக்காமல் விட அவளுக்குத் தெரியாது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், பொட்டலம் கட்டிய காகிதம், பக்கத்து இருக்கைக்காரரின் போன் எல்லாவற்றையும் படித்துவிடுவாள். அது அவள் இஷ்டத்தில் இல்லை, மூச்சு மாதிரி.

"ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சாச்சு, அதான் முக்கியம். ஆபரேஷன் பண்ணிடலாம். தள்ளிப்போடக் கூடாது. அடுத்த தடவை வீட்டு ஆளோட வாங்க, அப்போ பேப்பரெல்லாம் தர்றேன். தனியா வரக் கூடாதும்மா, புரியுதா?"

புரிந்தது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, புரிந்ததை வாய்விட்டுச் சொல்லப் பார்த்தாள். பக்கத்தில் யாருமே இல்லை. அப்படியும் வார்த்தை வெளியே வரவில்லை.

அந்த வீட்டில் எல்லோருடைய காய்ச்சலையும் தொட்டுப் பார்த்தது அவள் கைதான். அம்மா போனபோது தங்கையைக் கட்டிக்கொண்டு தூங்க வைத்தது அவள். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும் கணவரை நாற்காலியோடு தாங்கிப் பிடித்தது அவள். படுத்துக்கொண்டு மற்றவர்களை நிற்கவைத்துப் பழக்கமே இல்லை. 'எனக்கு' என்று ஆரம்பித்து ஒரு வாக்கியத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதே பிடிபடவில்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்த வேகத்தில் உடம்பே லேசானது. தங்கை அந்தக் கம்ப்யூட்டருக்குள் போகிறாள். டாக்டரம்மா தட்டியதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. உள்ளே போனவள் பார்க்காமலா வருவாள்? அக்கா பெயர் கண்ணில் படாமலா போகும்? ரெண்டு நாளில் அவளே வந்து, "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று கட்டிக்கொள்வாள். அழவேண்டியதை அப்போது அழுதுகொள்ளலாம். அவளே மாமாவிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுவாள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஒரு நிம்மதியா என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. வெட்கத்தோடேயே அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத் தங்கை வழக்கம்போல வந்தாள். வழக்கம்போலக் கூடத்தில் நுழையும்போதே, "மாமா, உங்க வைஃபை இன்னும் கதவைத் திறந்து போட்டுக்கிட்டுத்தான் இருக்கு. தெருவே உங்க செலவுல படம் பாக்குது," என்றாள்.

"தெருவுல நமக்கு ஒரு நல்ல பேரு இருந்துட்டுப் போகட்டுமே, குடைச்சல்!"

பெரியவள் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு பரிமாறினாள். கண் வீங்கியிருக்கிறதா? இல்லை. குரல் தழுதழுக்கிறதா? இல்லை. ஆனால் சோற்றுப் பாத்திரத்தை அவள் தூக்கப் போனபோது தங்கை முந்திக்கொண்டு வாங்கினாள். 'குடு, நான் வைக்கறேன், நீ உக்காரு.' பெரியவள் கையை எடுத்துக்கொண்டாள். தெரிந்துவிட்டது! கனம் தூக்கக் கூடாது என்று நினைக்கிறாள்.

சாப்பாடு பாதியில் தங்கை நிமிர்ந்தாள். "அக்கா, உன்னை ஒண்ணு கேக்கணும்."

வந்துவிட்டது. பெரியவள் தண்ணீர் டம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "கேளு."

"உன் போன் பாஸ்வேர்டு இன்னும் உன் பொறந்த நாளாத்தான் இருக்கா?"

"இருந்துட்டுப் போகட்டும் விடு," என்றார் கணவர். "அவ பொறந்த நாளை நான்தான் வருஷா வருஷம் மறந்து தொலைக்கறேன். திருடனாவது ஞாபகம் வச்சுக்கட்டும்."

தங்கைக்குப் புரையேறியது. பெரியவளும் சிரித்து வைத்தாள். மாமா இருக்கும்போது எப்படிக் கேட்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கிளம்பும்போது வாசலில் நின்று, அக்காவின் தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டுவிட்டு, "வரட்டுமா?" என்றாள் தங்கை. சாதாரணமாக அவள் 'வரேன்' என்று கத்திவிட்டு மாடிப்படியில் இரண்டிரண்டாக இறங்குகிறவள். பெரியவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் அழுதாள். அது சந்தோஷ அழுகையாக இருந்ததுதான் விசித்திரம். தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். சொல்ல நேரம் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க அவள் தங்கையின் ஒவ்வொரு சொல்லையும் அச்சுப்படியில் பிழை தேடுவதுபோலப் பார்த்தாள். 'சாப்பிட்டியா?' என்று போனில் கேட்டால் அதற்குள் ஒரு அர்த்தம். 'சீக்கிரம் தூங்கு' என்றால் அதற்குள் ஒரு அர்த்தம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து, எப்போது வருகிறீர்கள், யாரோடு வருகிறீர்கள் என்று கேட்டபோது, "என் தங்கச்சியோட வர்றேன், அவளுக்கு வேலை முடியட்டும்," என்று தைரியமாகச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு தங்கை இனிப்புப் பெட்டியோடு வந்தாள்.

"பெரிய வேலை ஒண்ணு கெடச்சிருக்கு. வெளியூர். ரெண்டு மாசம் அங்கேயே தங்கணும். வர்ற வெள்ளிக்கிழமை கிளம்பறேன். எந்த இடம்னு கேக்கக் கூடாது. கடல் இருக்கும், கப்பல் இருக்கும், அவ்ளோதான் சொல்லுவேன்."

"கப்பலையே கவுக்கப் போறியா?" என்றார் கணவர், இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு.

"யாரும் கவுக்காம பாத்துக்கப் போறேன் மாமா."

பெரியவளுக்குக் காதுக்குள் காற்று அடைத்துக்கொண்டது போலிருந்தது. ரெண்டு மாசம். எல்லாம் தெரிந்தவள், வாயைத் திறக்காமல், இனிப்புப் பெட்டியோடு வந்து ரெண்டு மாசம் போகிறேன் என்கிறாள். ஒருவேளை பயந்துவிட்டாளோ? பயந்து ஓடுகிறாளோ? இல்லை, இந்த வேலை செய்து செய்து மனசு மரத்துப்போய்விட்டதா? கம்ப்யூட்டரில் அக்காவும் ஒரு வரி, அடுத்தவளும் ஒரு வரி என்றாகிவிட்டதா?

மறுநாள் அச்சகத்தில் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பக்கத்தில் 'தலைவர் வருகை' என்பது 'தலைவலி வருகை' என்று அச்சாகிவிட்டது. மேற்பார்வையாளர் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "உங்க கண்ணுக்கே தப்பிச்சிருக்கேம்மா! எழுத்துக்கெல்லாம் துணிச்சல் வந்துடுச்சு போலிருக்கு," என்று சிரித்தார். பக்கத்து மேஜைக்காரி, "தப்புன்னு யாரு சொன்னா சார்? சரியாத்தான் போட்டிருக்காங்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவள் எழுந்து, அரை நாள் விடுப்பு வேண்டும் என்றாள்.

தங்கையின் வீடு ஒரு மாடி அறையும் சமையல் மூலையும்தான். அறை முழுக்க மேஜை. மேஜை முழுக்க ஒயர்கள். இரண்டு திரைகள், ஒரு லேப்டாப், அதன் கேமராக் கண்மேல் விரல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. தங்கை கதவைத் திறந்து ஆச்சரியப்பட்டாள்.

"என்னக்கா இந்த நேரத்துல? அச்சகம் லீவா?"

பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எல்லாம் தெரிஞ்சும் போறியா?"

"என்ன தெரிஞ்சும்?"

"நடிக்காதடி! என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. உள்ள போனேல்ல? அந்த ஆஸ்பத்திரியில, டோக்கன் எந்திரத்துக்குப் பின்னாடி குந்திக்கிட்டு எலி பிடிக்கற மாதிரி துழாவினியே, நான் பாத்தேன்."

தங்கையின் முகம் சட்டென்று பூட்டிக்கொண்டது. அது அவளுடைய தொழில் முகம். "அக்கா, எந்த இடத்துல வேலை பாக்கறேன்னு நான் யார்கிட்டயும்..."

பாதியில் நின்றுவிட்டாள். முகத்தின் பூட்டு மெல்ல விலகியது. புருவம் சுருங்கியது.

"நீ அங்க எதுக்கு வந்தே?"

பெரியவள் அந்த முகத்தைப் பார்த்தாள். பிழை திருத்தும் கண்ணால், ஒரு வரி விடாமல் பார்த்தாள். அதில் நடிப்பு இல்லை. ஒளித்து வைத்த இரக்கம் இல்லை. ஒன்றும் அறியாத, இப்போதுதான் பயப்பட ஆரம்பித்திருக்கிற முகம் அது. பெரியவள் நாற்காலியில் கிடந்த துணிகளின் மேலேயே உட்கார்ந்தாள்.

"உனக்கு... தெரியாதா?"

"என்ன தெரியாதா? அக்கா, என்ன ஆச்சு?"

"நீ உள்ள போனியா இல்லியா? அதச் சொல்லு மொதல்ல."

தங்கை கொஞ்சம் யோசித்தாள். சொல்லக்கூடியது எது, கூடாதது எது என்று உள்ளே பிரிக்கிறாள் என்பது தெரிந்தது. "நீ கண்ணால பாத்துட்டே, அதனால இதை மட்டும் சொல்றேன். வாசலுக்கெல்லாம் பெரிய பெரிய பூட்டுப் போட்டிருந்தாங்க. டோக்கன் எந்திரத்துக்கு மட்டும் அதைச் செஞ்ச கம்பெனி வச்ச பாஸ்வேர்டையே மாத்தாம விட்டுட்டாங்க. எந்திரம்தானேன்னு யாரும் நெனைக்கல. அது வழியா போக முடிஞ்ச தூரம் போனேன்."

"எல்லாரோட நோயும் அதுல இருந்துதா?"

"இருந்துது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வந்துட்டேன்."

"வந்துட்டேன்னா? பாக்காமயா?"

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "நான் வேலைக்கு ஒத்துக்கும்போதே அவங்ககிட்ட ஒண்ணு கேட்டு வாங்கிப்பேன். நான் வர்றதுக்கு முன்னாடி ஒரு பொய் நோயாளியை உள்ள படுக்க வைங்கன்னு சொல்லுவேன். எங்க படுக்க வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் தேடிப் போய் அந்த ஆளை மட்டும் தொட்டுட்டு வருவேன். அவரைத் தொட முடிஞ்சா எல்லாரையும் தொட முடியும்னு அவங்களுக்குப் புரிஞ்சிடும். நான் எல்லாரையும் தொட வேண்டியதில்ல. அந்தக் கம்ப்யூட்டர் பிரிவு ஆளு குறும்புக்காரரு. நோயாளிக்குக் கற்கண்டுன்னு பேரு வச்சு, வலது காதுக்குள்ள கொசுன்னு நோய் எழுதியிருந்தாரு."

வேறொரு நாளாக இருந்தால் பெரியவள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள்.

"அத்தனை பேரு கண்ணு முன்னாடி வரிசையா கெடக்குது. ஒண்ணுகூடவா படிக்கல?"

"பேரெல்லாம் மறைச்சு வர்ற மாதிரி முதல்லயே செஞ்சுட்டுத்தான்கா தேடுவேன். திறக்கறது அப்படியொண்ணும் பெரிய வித்தை இல்ல. படிக்காம இருக்கறதுக்குத்தான் பழகணும். எனக்கு அதுக்குத்தான் ரொம்ப நாளாச்சு."

பெரியவளால் அதை விழுங்க முடியவில்லை. பொட்டலக் காகிதத்தைக்கூட விட்டுவைக்காதவள் அவள். ஒரு முழு ஆஸ்பத்திரியின் ரகசியம் விரல் நுனியில் கிடக்க, கொசுக்கடிக்காரர் ஒருவரை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். இவளையா மரத்துப்போனவள் என்று நினைத்தேன்? வியப்பாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"நீ பாத்திருப்பேன்னுதானேடி நான் சொல்லாம இருந்தேன்! இத்தனை நாளா காத்துக்கிட்டு இருந்தேன், நீயே வந்து கேப்பேன்னு!"

"என்னன்னு கேப்பேன்? அக்கா, தயவுசெஞ்சு சொல்லு."

பெரியவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். அங்கே லேப்டாப் விழித்துக்கொண்டிருந்தது.

"இப்பவும் உள்ள போக முடியுமா?"

தங்கை திரும்பிப் பார்த்தாள். "அடைச்சுட்டாங்களான்னு பாக்கற வேலை இன்னைக்குத்தான். இப்போ அதுலதான் உக்காந்திருந்தேன்."

"அப்போ பாரு. என் பேரை அடிச்சுப் பாரு."

"அக்கா..."

"நான்தானே சொல்றேன்? என் நோய், என் பேரு, என் சம்மதம். வேறென்ன வேணும் உனக்கு? என் வாயால வரமாட்டேங்குதுடி. கெஞ்சிக் கேக்கறேன், நீயே பாத்துக்கோ."

தங்கை எழுந்தாள். மேஜையருகே போய் நின்றாள். பெரியவளுக்குத் திரை தெரியவில்லை, தங்கையின் பக்கவாட்டு முகம் மட்டும் தெரிந்தது. கை விசைப்பலகைக்கு மேல் போய் நின்றது. அக்காவின் பெயர் சின்னப் பெயர். நாலு எழுத்து. வழி இன்னும் திறந்திருந்தால், தட்டினால் தெரிந்துவிடும். பயம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அல்லது ஆரம்பித்துவிடும். விரல்கள் தயங்கின. கடிகாரத்தைப் பிரித்தபோதும் ரேடியோவைப் பிரித்தபோதும் தயங்காத விரல்கள்.

லேப்டாப்பை மூடினாள்.

மூடிய கையோடு போனை எடுத்தாள். தன்னோடு வேலை பார்க்கும் ஒருவனுக்குப் போட்டாள். அவனை அவள் எப்போதும் தாடி என்றுதான் சொல்வாள்.

"தாடி, இன்னைக்கு மறுசோதனையை நீ எடுத்துக்கோ. என் அனுமதியை இப்பவே நிறுத்தச் சொல்லு. இல்ல, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டு ஆளு பேரு உள்ள இருக்கு. பாக்கலடா. இத்தனை நாளும் பாக்கணும்னு தோணல. இப்போ தோணுது. அதனாலதான் சொல்றேன், எடுத்துக்கோ. தலைமைக்கும் நானே சொல்லிடறேன்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, தரையில், அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள். செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அந்தக் கதவு உன்னோடது இல்லக்கா. நீ சரின்னாலும் நான் திறக்க முடியாது. ஆனா விஷயம் உன்னோடது. நீயே குடு, வாங்கிக்கறேன். எவ்ளோ நேரம் ஆனாலும் ஆகட்டும்."

'இப்போ தோணுது.' அந்த இரண்டு வார்த்தைகள்தான் பெரியவளின் காதில் நின்றன. நான் நல்லவள், பார்க்க மாட்டேன் என்று இவள் சொல்லவில்லை. பார்க்க ஆசை வந்துவிட்டது என்று இன்னொருவனிடம் ஒப்புக்கொண்டு, தன் கையிலிருந்த சாவியைத் தானே கொடுத்துவிட்டாள். குடைச்சல் என்று சிரித்தோமே, இத்தனை பெரிய ஆளாக எப்போது ஆனாள்? நம் வீட்டிலேயேதானே இருந்தாள்?

"மார்ல ஒரு கட்டி," என்றாள் பெரியவள். குரல் யாருடையதோ போலிருந்தது. "இடது பக்கம். எடுத்துப் பாத்தாங்க. கேன்சர்னு சொல்லிட்டாங்க."

சொல்லிவிட்டாள். மின்விசிறி அதே சத்தத்தோடு சுற்றியது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "எப்போ சொன்னாங்க?"

"நீ எந்திரத்துக்குப் பின்னாடி குந்திக்கிட்டு இருந்தியே, அன்னைக்குத்தான்."

"நான் பின்னாடி... நீ முன்னாடி..." தங்கைக்கு ஒரு சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. அது பாதியிலேயே உடைந்து அழுகையாயிற்று. அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெரியவள் பழக்கதோஷத்தில் அவள் தலையைத் தடவ ஆரம்பித்தாள். பிறகு, தடவ வேண்டியது இன்றைக்கு யார் என்று தோன்ற, கையை எடுத்துவிட்டு, முதன்முறையாக அப்படியே சாய்ந்து உட்கார்ந்தாள். தங்கை நிமிர்ந்து அவளைத் தாங்கிக்கொண்டாள்.

அழுது முடித்த பிறகு தங்கை கேட்க ஆரம்பித்தாள். எவ்வளவு பெரிசு, டாக்டர் சரியாக என்ன வார்த்தை சொன்னார், ஆபரேஷன் எப்போது, வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா. நூல் நூலாக இழுத்தாள். இந்தத் தடவை பெரியவள் இழுத்த இழுப்புக்கெல்லாம் கொடுத்தாள். கேட்கக் கேட்க, பூதம்போல இருந்த விஷயம் ஒரு கட்டியாக, ஒரு தேதியாக, ஒரு டாக்டராகச் சுருங்கிக்கொண்டு வந்தது.

"இனிப்போட வந்ததுக்கு முந்தின தடவை பாத்திரத்தைப் பிடுங்கினியே, எதுக்கு?" என்று திடீரென்று கேட்டாள் பெரியவள்.

"எந்தப் பாத்திரம்?"

"தோள்ல இருந்த நூலை எடுத்தியே."

"நூல் இருந்துது, எடுத்தேன். ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல."

தெரிந்ததால் காட்டிய பரிவு என்று இத்தனை நாள் எண்ணிக்கொண்டதெல்லாம், ஒன்றும் தெரியாமலே காட்டிய அன்பு. எப்போதுமே அப்படித்தான் எடுத்துப் போட்டிருப்பாள். நான்தான் நோய் வந்த பிறகு படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

போன் அதிர்ந்தது. தங்கை எடுத்தாள். தாடியின் குரல் அறை முழுக்கக் கேட்கிற அளவுக்கு உற்சாகமாக இருந்தது. "மூடிட்டாங்க! முன்னாடி, பின்னாடி, சைடு எல்லாம் முட்டிப் பாத்துட்டேன். தலைதான் வலிக்குது. உள்ள விடமாட்டேங்கறாங்க!"

"அப்படியா? நெஜமாவா?" தங்கை உட்கார்ந்த இடத்திலிருந்தே துள்ளினாள். கன்னத்தில் ஈரம் காயவில்லை, முகம் விளக்குப் போட்டது போலிருந்தது. "தாடி, இன்னும் ஒண்ணு. வெள்ளிக்கிழமை எனக்குப் பதிலா நீ போகணும்."

"கடல் இருக்கற ஊருதானே? பெட்டியக் கட்டிட்டேன்னு வச்சுக்கோ," என்றான் அவன், காரணமே கேட்காமல்.

பெரியவள் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள போக முடியலைன்னதுக்கா இப்படிக் குதிக்கறே?"

"பின்ன? அதுக்குத்தானேக்கா இவ்ளோ பாடு."

இப்போது அந்தக் கதவுக்குப் பின்னால் தன் பெயரும் பத்திரமாக இருக்கிறது என்று பெரியவளுக்கு உறைத்தது. இனி அது தானாக எங்கேயும் போகாது. அவள் சொன்னால்தான் உண்டு.

தங்கை மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வந்தாள். "மாமாகிட்ட நான் பக்குவமா சொல்லிடட்டுமா? நீ உள்ள போய்ப் படுத்துக்கோ."

இதைத்தானே அவள் பஸ் நிறுத்தத்தில் நின்று ஆசைப்பட்டாள். இதே வார்த்தைகளைக்கூடக் கற்பனை செய்து வைத்திருந்தாள்.

"வேண்டாம்," என்றாள். "நான் சொல்றேன். நீ அவர் பக்கத்துல உக்காந்துக்கோ. விழுந்தா பிடிக்கணும்."

"நாற்காலியோடயா?"

"நாற்காலியோடதான்."

வெளியே வந்து தங்கை கதவைப் பூட்டினாள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பெரியவள் படியில் இறங்க ஆரம்பித்திருந்தாள். மனசுக்குள் முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'எனக்கு' என்றுதான் அது ஆரம்பித்தது. அடுத்த வார்த்தையும் வந்தது. பின்னாலிருந்து தங்கை ஓடிவந்து முழங்கையைப் பிடித்தாள்.

"விடுடி, எனக்கு இறங்கத் தெரியும்."

"தெரியும்க்கா," என்றாள் தங்கை, விடாமல்.